உடன் வந்த சாமான்

வெண்ணந்தூர்ப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் தம் பெண்சாதியைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து நூற்றிருபது மைல் மிதித்த கதையை வாய் நிறையச் சொல்வார்கள். எந்த ஊரில் மோர் குடித்தார், எந்த மேட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது என்பது வரை சொல்வார்கள். அத்தனையும் பச்சைப் பொய். சென்னியம்மாள் ஒரு மைல்கூடக் கேரியரில் உட்காரவில்லை. நூற்றிருபது மைலையும் தன் வண்டியில் தன் காலால் மிதித்தாள். போதாததற்குச் சாப்பாட்டுக் கூடையும் அவள் வண்டியில்தான் இருந்தது. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்தப் பொய் மட்டும் நோய் நொடி இல்லாமல் நடமாடுகிறதே, இதை எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது? நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது சொல்லியாக வேண்டும்.

சென்னியம்மாள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அந்தக் காலத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு அது பெரிய படிப்பு. எழுத்துக் கூட்டி, கொஞ்சம் நிறுத்தி, எந்தக் கடுதாசியையும் படித்துவிடுவாள். நாச்சிமுத்துவுக்கு அது வராது. பத்திரத்தில் பெருவிரலை உருட்டுகிற ஆள் அவன். ஆனால் ஒரு காகிதத்தைக் கையில் வாங்கினால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை கண்ணை ஓட்டுவான் பாருங்கள், ஜில்லா கலெக்டர் கெட்டார். படிக்கத் தெரியாது என்று சத்தியம் செய்தாலும் எதிரில் இருப்பவர் நம்பமாட்டார்.

அவர்களுக்கு ஒரு கிணறும் ஐம்பது எலுமிச்சை மரமும் இருந்தன. வரப்போரம் நாலு நாரத்தை. பழத்தை ராசிபுரம் சந்தைக்குக் கொண்டுபோக நாச்சிமுத்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். மாற்றலாகிப் போன ஓவர்சீயர் ஒருவர் விட்டுப்போன வண்டி அது. ஒரு நாள் அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். பறித்த பழம் மூட்டையில் வெந்துபோகுமே என்று சென்னியம்மாள் மூட்டையை வண்டியில் வைத்துச் சந்தை வரை தள்ளிக்கொண்டே போனாள். திரும்பும்போது மூட்டை இல்லை. வெறும் வண்டியைத் தள்ளுவானேன் என்று ஏறிப் பார்த்தாள். இட்டேரிப் பாதையோரக் கள்ளி வேலியில் போய் விழுந்து, கையெல்லாம் முள்ளோடு வீடு வந்தாள். மறுநாளும் ஏறினாள். ஒரு மாசத்தில் பழகிவிட்டாள்.

நாச்சிமுத்து அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கொல்லாசாரி மாதையனிடம் இன்னொரு பழைய வண்டியைக் கொடுத்து, சேலை சிக்காதபடி நடுச்சட்டத்தை அறுத்துக் கீழே தாழ்த்திப் பற்றவைத்து அவளுக்கென்றே கொண்டுவந்து நிறுத்தினவன் அவன்தான். முதல் சவாரிக்கு அவனே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். அந்த மட்டும் நல்ல மனுஷன். பின்னால் அவன் செய்த காரியம் இவ்வளவு வயிற்றெரிச்சலாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

அதிலிருந்து வருஷா வருஷம் தை மாசம், பழம் பறித்து ஓய்ந்ததும், இரண்டு பேரும் இரண்டு வண்டியில் கிளம்பிவிடுவார்கள். மேடு பள்ளம் அதிகம் இல்லாத சீமை அது. நாமக்கல், காவிரிக் கரை வேலூர், பள்ளிபாளையம் என்று ஒட்டுக்காச் சேர்ந்தே மிதித்துப் போய்விட்டு நாலைந்து நாளில் திரும்புவார்கள். இரண்டு பக்கமும் எலுமிச்சைத் தோட்டம் பூத்திருக்கும். எங்கோ ஒரு கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற சத்தம் கேட்கும். "என்ன ஜோலியா இத்தனை தூரம்?" என்று கேட்டால், "சும்மாதானுங்க" என்பாள் சென்னியம்மாள். ஒரு பெண்பிள்ளை சும்மா ஊர் பார்க்க வந்தாள் என்றால் யார் நம்புவது? ஏதோ வேண்டுதல் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் சேலத்தில் ஒரு சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள். பாலசுந்தரம் என்று ஒரு வக்கீல் அதற்குக் காரியதரிசி. சேலத்தில் புறப்பட்டு, ராசிபுரம், நாமக்கல், காவிரிக் கரை, பள்ளிபாளையம், சங்ககிரி என்று சுற்றி நாலு நாளில் சேலம் திரும்ப வேண்டும். வழியில் குறித்த பன்னிரண்டு ஊர்ச் சாவடிகளில் மணியகாரரிடமோ கணக்குப்பிள்ளையிடமோ எழுதி வாங்கிவர வேண்டும். அப்படி வந்தால் பெயர் போட்ட நற்சாட்சிப் பத்திரம். இதைச் சந்தையில் கேள்விப்பட்ட சென்னியம்மாளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, நாம எப்பவும் போற வழிதானுங்க அது. இந்தத் தடவ போனா பேர் போட்டுக் குடுப்பாங்களாமா. எம்பட பேரு அச்சுல வருமுங்க."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நிலப் பட்டாவில் அவள் பெயர் இல்லை. ரேஷன் கார்டெல்லாம் அப்போது கிடையாது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘இன்னார் குமாரத்தி’ என்றுதான் போட்டார்கள். சென்னியம்மாள் என்ற ஏழெழுத்து எந்தக் காகிதத்திலும் ஏறியதில்லை. ஒரே ஒரு காகிதத்தில் ஏறட்டுமே என்று நினைத்தாள். இது பேராசையா?

வக்கீல் பாலசுந்தரம் இரண்டு பேரையும் பார்த்து மகிழ்ந்துபோனார். தம்பதி வந்தால் சங்கத்துக்குப் பெருமை என்றார். ஆனால் கொடுத்தது ஒரு புத்தகம். "குடும்பத்துக்கு ஒண்ணு போதுமே" என்று நாச்சிமுத்துவின் கையில் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டிருந்தது. பெயர், வந்த நாள், வந்த விதம், கடைசியில் ‘உடன் வந்த ஆள், சாமான் விவரம்’. நாச்சிமுத்து வழக்கம் போல் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

இனிமேல் வருவதைக் கவனமாகக் கேளுங்கள். இதில்தான் மோசம் போனாள்.

பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சைக்கிளில் ஏறினபடி கடக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து மரியாதை. அதுவும் ஒரு பெண். சென்னியம்மாள் ஊர் எல்லை வந்ததும் இறங்கிவிடுவாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். ஆண்கள் கூடியிருக்கிற சாவடிக்குள் அவள் ஏறுவதில்லை. வெளியே புளியமரத்தடியில் இரண்டு வண்டிகளையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாச்சிமுத்து புத்தகத்தோடு உள்ளே போவான். உள்ளே சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். "பலே கவுண்டரே!" என்று சத்தம் வரும். வெளியே வரும்போது அவன் முகம் மலர்ந்திருக்கும். வெற்றிலையும் கையுமாக வருவான்.

"எழுதிட்டாங்களாங்க?"

"எழுதாம என்ன? வா, பொழுது ஏறுது."

ஊரைத் தாண்டியதும் அவள் ஏறி மிதிப்பாள். இப்படி எட்டுச் சாவடி. எட்டு ஊரிலும் அவள் சைக்கிள் மிதித்ததை மாடு மேய்க்கிறவர்களும் கவலை ஓட்டுகிறவர்களும் கண்டார்கள். எழுதுகிற கையுள்ள ஒருத்தரும் காணவில்லை. மரியாதை கொடுத்த குற்றத்துக்கு அவளுக்குக் கிடைத்த தண்டனை அது.

மூன்றாம் நாள் காலையில் வேலூரைத் தாண்டி, வாய்க்கால் மதகில் நாச்சிமுத்து கால் கழுவக் குனிந்தான். இடுப்பில் இருந்த புத்தகம் தண்ணீரில் விழுந்தது. பதறி எடுத்தான். எண்ணெய்த் துணி காப்பாற்றினாலும் ஓரமெல்லாம் நனைந்துவிட்டது.

"அம்மிணி, வெய்யில்ல விரிச்சு வெய்யி. மை கலைஞ்சு போயிரப் போகுது" என்று அவளிடம் கொடுத்துவிட்டு, டயருக்குக் காற்றடிக்கப் போனான்.

ஒரு எலுமிச்சை மரத்து நிழலோரம் உட்கார்ந்து அவள் ஏட்டை ஏடாகப் பிரித்து ஊதினாள். ஊதிக்கொண்டே படித்தாள். முதல் ஏடு, சேலத்தை விட்டதும் வந்த கொழிஞ்சிக்காட்டூர்ச் சாவடியில் எழுதினது.

‘நாச்சிமுத்துக் கவுண்டர், வெண்ணந்தூர். சைக்கிளில் வந்தார். உடன் வந்த ஆள், சாமான்: பெண்சாதி ஒன்று, சாப்பாட்டுக் கூடை ஒன்று, மாற்று வண்டி ஒன்று.’

சரியாகத்தான் படித்தோமா என்று இரண்டாம் தடவை எழுத்துக் கூட்டினாள். சரியாகத்தான் இருந்தது. அடுத்ததைப் பிரித்தாள்.

‘பெண்சாதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். தேக பலம் மெச்சத்தக்கது.’

அதற்கடுத்தது, ‘பெண்சாதியுடன் வந்தார், பாரம் அதிகமிருந்தும் களைப்பில்லை.’ இப்படியே எட்டு ஏடு. ஒன்றிலாவது சென்னியம்மாள் இல்லை. பெண்சாதி இருந்தாள், பாரம் இருந்தது, கூடை இருந்தது. அவள் வண்டிக்கு மாற்று வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சைக்கிளை மிதித்துக்கொண்டு பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு வருகிறவன் இன்னொரு சைக்கிளை எப்படி ஐயா கொண்டுவருவான்? தலையிலா? படித்த மனுஷர் எட்டுப் பேரில் ஒருத்தருக்காவது அந்தக் கேள்வி வந்ததா? ஒரு பெண் மிதித்து வந்திருப்பாள் என்று எழுதுவதைவிட, ஒரு ஆண் சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருப்பான் என்று எழுத அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது!

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன.

"ஏனுங்க, இங்க வாங்க."

அவன் பம்பும் கையுமாக வந்தான். அவள் எட்டையும் படித்துக் காட்டினாள். அவன் ஆச்சரியப்படுவான், கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் காலால் மண்ணைக் கிளறினான். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"எழுதினது தெரியாது. நாந்தான் படிக்க மாட்டனே."

"பேசினது?"

அவன் பம்பைக் கீழே வைத்தான். "அவங்களே கேட்டாங்க. பின்னால வெச்சுட்டா மிதிச்சீங்க, பலேன்னாங்க. நான் ஒண்ணும் ஆமான்னு சொல்லல."

"இல்லைன்னு சொன்னீங்களா?"

"பெரிய மனுசங்க. எதுத்துப் பேசறதா?"

"அதனால வெத்தல பாக்க வாங்கி வாயில போட்டுக்கிட்டு வந்துட்டீங்க. எட்டு ஊருல! மொத ஊருல வாய் வரல, சரி. எட்டாவது ஊரு வரைக்குமா வரல? நான் வெளிய நின்னுக்கிட்டு உங்க வண்டியையும் புடிச்சுக்கிட்டு இருந்தனே, கிறுக்கி மாதிரி!"

மற்றவர்கள் கண்ணில் படவில்லை, எழுதினார்கள். இவன் பக்கத்திலேயே மிதித்து வந்தவன். மேட்டில் அவள் முந்தும்போது பின்னால் மூச்சு வாங்க வந்தவன். இவனுக்கும் அந்தப் பெருமை இனித்திருக்கிறது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கூடையைத் தூக்கி வாய்க்காலில் போடலாமா என்று வந்தது. உள்ளே கட்டுச்சோறு இருந்ததால் விட்டாள்.

"சரி உடு அம்மிணி. சேலம் போனதும் வக்கீலுகிட்ட நானே சொல்லிப்போடறேன். உள்ளதச் சொல்லிப்போடறேன்" என்றான் அவன்.

அந்த வாக்கை நம்பித்தான் அவள் மறுபடி வண்டியில் ஏறினாள். ஆனால் அடுத்த ஊர் எல்லையில் இறங்கவில்லை.

நாரத்தம்பட்டி அந்த ஊருக்குப் பெயர். தெருவில் பெல் அடித்துக்கொண்டே போய், சாவடி வாசல் வரை மிதித்து, பெரியவர்கள் முன்னால் கால் ஊன்றினாள். ஒரு கிழவருக்குத் தலைப்பாகையே அவிழ்ந்தது.

"ஏம்மா, பெரியவங்க உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுதுங்க சாமி. நான் வாரதும் உங்க கண்ணுக்குத் தெரியோணுமுன்னுதான் இறங்காம வந்தனுங்க."

கணக்குப்பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டே எழுதினார். எழுதி முடித்ததும் அவள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். அங்கேயே நின்று படித்தாள். ‘பெண்சாதி ஊருக்குள் சிறிது தூரம் மிதித்துக் காட்டினார்.’

"சிறிது தூரமுங்களா? எண்பது மைலு மிதிச்சு வந்திருக்கறனுங்க!"

"அத நான் பாக்கலயே அம்மா. நான் பாத்ததுதான் எழுத முடியும். முன்னாடி எட்டுப் பேரு வேற எழுதியிருக்காங்க. அவங்கல்லாம் பொய்யா எழுதுவாங்க?"

பார்த்தீர்களா நியாயத்தை! அவர் பார்க்காததை அவர் எழுதமாட்டாராம். ஆனால் அந்த எட்டுப் பேர் பார்க்காததை எழுதினால் அது சாட்சியாம். மிச்சம் மூன்று சாவடியிலும் இதே கதைதான். முன்னால் எழுதினதைப் பார்த்துப் பின்னால் உள்ளவர்கள் எழுதினார்கள். சென்னியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சேலத்தை நோக்கி மிதித்தாள். வக்கீலிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறானே.

நாலாம் நாள் சாயங்காலம் சங்கத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் பென்சிலோடு நின்றார். பாலசுந்தரம் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், புரட்டப் புரட்ட முகம் விரிந்தது. நாச்சிமுத்துவின் கழுத்தில் ரோஜாப்பூ மாலையைப் போட்டார்.

"சபையோர்களே! பெண்சாதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நூற்றிருபது மைல்! நம் ஜில்லாவின் பீமசேனன்!"

கைதட்டல். பத்திரிகைக்காரர் பென்சிலை ஓட்டினார். சென்னியம்மாள் தூசி படிந்த சேலையும், காய்த்துப்போன உள்ளங்கையுமாக இரண்டு சைக்கிளுக்கு நடுவில் நின்றாள். அவள் நாச்சிமுத்துவை மட்டும் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவான், இதோ வாயைத் திறக்கிறான்.

வாயைத் திறந்தான். "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க" என்றான்.

அவ்வளவுதான். மாலை கனத்ததோ, கைதட்டல் காதை அடைத்ததோ, மனுஷன் அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இருபது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. நற்சாட்சிப் பத்திரத்தில் அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினார்கள்.

சென்னியம்மாள் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பந்தலுக்குள் நடந்தாள்.

"வக்கீல் சாமி, அதுல எழுதியிருக்கறது பொய்யுங்க. எம்பட வண்டிய நாந்தான் மிதிச்சேன்."

சிலர் சிரித்தார்கள். பாலசுந்தரம் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அது இன்னும் எரிச்சல். "இருக்கலாம் அம்மா. ஆனால் பன்னிரண்டு கிராம அதிகாரிகள் கையொப்பம் இருக்கிறது. புத்தகத்தில் உள்ளதுதானே சாட்சி? உங்கள் ஒருத்தர் வாய்ச்சொல்லை வைத்து நான் என்ன செய்வது? உங்கள் புருஷரே ஒன்றும் சொல்லவில்லையே."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பி அவனைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

"அப்ப எனக்கு வேற புத்தகம் குடுங்க."

"எதற்கு?"

"திரும்பப் போறனுங்க. அதே பன்னெண்டு ஊருக்கும்."

பாலசுந்தரம் விளையாட்டு என்று நினைத்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மடியில் செருகிக்கொண்டாள். அன்றைக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கல். காலையில் பார்த்தால் அவள் வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது. சாப்பாட்டுக் கூடையை அவிழ்த்து நாச்சிமுத்துவின் கேரியரில் கட்டியிருந்தாள். வா என்று கூப்பிடவும் இல்லை, வராதே என்று தடுக்கவும் இல்லை. அவன் மாலையையும் பத்திரத்தையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, பின்னால் மிதித்தான்.

போன வழிக்கு எதிர்வழி. முதலில் சங்ககிரிப் பக்கம். ஊர் எல்லையில் இறங்குவதே இல்லை. எந்தச் சாவடியானாலும் வாசல் வரை பெல் அடித்துக்கொண்டே போவாள். ஒரு ஊரில் மணியகாரர், "நீ எல்லையிலதான் ஏறிக்கிட்டயோ என்னமோ, யாரு கண்டா?" என்றார். அவள் மறுபடி ஏறி, சாவடியைச் சுற்ற ஆரம்பித்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பதினைந்தாவது சுற்றில் அவர், "தாயே, எழுதிப்போடறேன், நிறுத்து, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

நாரத்தம்பட்டியில் போன தடவை மாதிரியே கணக்குப்பிள்ளை இழுத்தார். அப்போது தோட்டத்திலிருந்து மணியகாரர் பெண்சாதி கண்ணாத்தாள் முறத்தோடு வந்தாள்.

"ஏனுங்க கணக்குப்பிள்ளை, நான் எலுமிச்சந்தோட்டத்துல பழம் பொறுக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ள ஊருக்கு வெளியிலருந்தே மிதிச்சுட்டுத்தான் வந்துச்சு. போன வாட்டியும் பாத்தேன். எங்கள யாரு கேக்கறீங்க? எழுதுங்க!"

எழுதினார். கண்ணாத்தாள் ஒரு கைப்பிடி எலுமிச்சம்பழத்தைச் சென்னியம்மாள் மடியில் போட்டாள். இரண்டு பேருக்கும் அதற்கு முன் அறிமுகம் கிடையாது. மடி கனக்க வண்டியில் ஏறியபோது, இந்தப் பயணத்தில் முதல் தடவையாகச் சென்னியம்மாளுக்குக் கண் கலங்கியது.

நாச்சிமுத்துவோடு அவள் வழி நெடுகப் பேசவில்லை. அவன் ராசிபுரத்தில் கடலை உருண்டை வாங்கி நீட்டினான். வாங்கித் தின்றாள், பேசவில்லை. பதினோரு சாவடியில் எழுதி வாங்கியாயிற்று. சேலத்துக்கு முன்னால் கடைசியாக இருந்தது கொழிஞ்சிக்காட்டூர். ‘பெண்சாதி ஒன்று, கூடை ஒன்று’ என்று முதன்முதலில் ஆரம்பித்து வைத்த ஊர். மற்றவர்கள் எல்லாம் அந்த ஏட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

ஊருக்கு ஒரு மைல் முன்னால் நாச்சிமுத்துவின் வண்டி பஞ்சர் ஆகிவிட்டது. "நீ போ, நான் தள்ளிட்டு வாரேன்" என்றான். அவள் நிற்கவில்லை. நேரே சாவடிக்குள்ளேயே மிதித்துக்கொண்டு போய், கணக்குப்பிள்ளை வைத்து எழுதுகிற சாய்ப்பலகைக்கு நாலடி தள்ளிக் கால் ஊன்றினாள்.

அந்தக் கணக்குப்பிள்ளை எதற்கும் அசராத ஆள். எதைப் பார்த்தாலும் கட்டத்தை நிரப்புகிறவர், அவ்வளவுதான். கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கிப் பேனாவை மையில் தொட்டார்.

"பேரு?"

"சென்னியம்மாளுங்க. வெண்ணந்தூரு."

"வந்த விதம்?"

"நீங்களே பாக்கறீங்களே."

"சைக்கிள், தானே மிதித்து" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "உடன் வந்த ஆள், சாமான்?"

"புருசன் வாராருங்க. பின்னால. சாப்பாட்டுக் கூடையக் கொண்டுட்டு வாராரு."

"புருசன் பேரு?"

சென்னியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி சொல்லுகிற வழக்கம் அந்தச் சீமையில் கிடையாது. சாமி பெயரில் அந்த எழுத்து வந்தால்கூடச் சுற்றி வளைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. கணக்குப்பிள்ளையும் அந்த ஊர்க்காரர்தானே, வற்புறுத்தவில்லை. கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பெயரைச் சொல்ல ஆள் வந்தபாடில்லை. பேனாவில் மை காய்ந்துகொண்டிருந்தது. தெரிந்த மட்டும் எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அவள் வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றாள். போன தடவை அவள் காத்துக்கொண்டு நின்ற அதே மரம். நாச்சிமுத்து வியர்த்து வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். கூடை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"படி, கேப்போம்."

ஒரு வாரத்தில் அவள் அவனுக்குப் படித்துக் காட்டியது அப்போதுதான்.

"சென்னியம்மாள், வெண்ணந்தூர். சைக்கிளில் தானே மிதித்து வந்தார். உடன் வந்த ஆள், சாமான்: புருஷன் ஒன்று, சாப்பாட்டுக் கூடை ஒன்று."

நாச்சிமுத்து புத்தகத்தை வாங்கினான். தெரிந்தவன் மாதிரி நெற்றியைச் சுருக்கவில்லை. படிக்கத் தெரியாதவனாகவே பார்த்தான்.

"எம்பட பேரு எங்க இருக்குது?"

"இல்லீங்க. புருஷன்னு மட்டுந்தான் இருக்குது."

"ஏம்புள்ள, நீ சொல்லலியா?"

"நான் எப்படிங்க சொல்லுவேன்? புருசன் பேரப் பொண்டாட்டி சொல்லக் கூடாதே. வழக்கமாச்சே." அவள் அதோடு நிறுத்தவில்லை. "பொண்டாட்டி பேரப் புருசன் சொல்லக் கூடாதுன்னு எந்த ஊர்லயாவது வழக்கம் இருக்குதுங்களா? எட்டுச் சாவடியில நீங்க உள்ள போயி நின்னீங்களே. சேலத்துல அத்தன பேரு முன்னால நின்னீங்களே. உங்க வாய யாரு கட்டுனாங்க?"

சாவடிக்குள் கணக்குப்பிள்ளை இருந்தார். பேனாவும் மையும் இருந்தன. நாலு எட்டு வைத்தால் போதும், பெயரைச் சொல்லி எழுத வைத்துவிடலாம். நாச்சிமுத்து அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். நின்றான். திரும்பி வந்து புத்தகத்தை அவள் கையில் கொடுத்தான்.

"அப்படியே இருக்கட்டும்" என்றான்.

பிறகு மரத்தடியில் குந்தி, டியூபைக் கழற்றி ஒட்டுப் போட ஆரம்பித்தான். சென்னியம்மாள் இரண்டு வண்டிகளையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. தன் வண்டியில் ஏறி, சாவடியையும் பெரியவர்களையும் கடந்து, சேலம் ரோட்டில் மிதித்துக்கொண்டு போனாள்.